ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வோரை மிரட்டும் பாம்பு, சிலந்தி அச்சம்: உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

மும்பை: வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படும் ஒருவரிடம் உறவினர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று தவறாமல் இடம்பெறும்: "அங்கே வீட்டுக்குள்ளேயே பாம்பு வருமாமே?" விசா கைக்கு வந்தபின் கைப்பேசியில் அந்நாட்டைப் பற்றித் தேடத் தொடங்கினால், காரின் கண்ணாடியில் ஊரும் உள்ளங்கை அளவுச் சிலந்தியும், கழிப்பறைக் கோப்பையிலிருந்து தலைநீட்டும் பாம்பும் காணொலிகளாக அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

அதே குடும்பத்தில் ஒருவர் கோயில் கொடைக்காகத் திருநெல்வேலிப் பக்கம் உள்ள சொந்த ஊருக்குச் செல்லும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வயல் வரப்பில் இரவில் செருப்பின்றி நடப்பதும், திண்ணையில் பாய் விரித்துப் படுப்பதும் அச்சமூட்டும் செயல்களாக யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் பாம்புக்கடி தொடர்பான புள்ளிவிவரங்கள் இதற்கு நேர்மாறான ஒரு படத்தைக் காட்டுகின்றன.

எண்கள் கூறுவது என்ன?

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் உயிரிழந்ததாக 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். நாடு முழுவதும் இறப்புக்கான காரணங்களை வீடு வீடாகக் கேட்டறிந்து பதிவு செய்த 'பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு' இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையாக அமைந்தது. இறந்தோரில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்குட்பட்ட சிறார்கள். உயிரிழப்புகளில் பாதி, தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நேர்ந்தவை.

உலக அளவில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் 81 ஆயிரம் முதல் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் வரை உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இதில் மிகப் பெரிய பங்கு இந்தியாவினுடையது.

ஆஸ்திரேலியாவின் நிலை வேறு. 2005 முதல் 2015 வரையிலான பத்தாண்டுகளில் அந்நாட்டின் மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட 'ஆஸ்திரேலியப் பாம்புக்கடித் திட்டம்' என்னும் ஆய்வில், பாம்பு கடித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 1,548 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 835 பேரின் உடலில் விஷம் ஏறியிருந்தது. உயிரிழந்தவர்கள் 23 பேர். நாடு முழுவதற்கும் பார்த்தால், ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு அல்லது மூன்று பேர் பாம்புக்கடியால் இறக்கின்றனர். மக்கள்தொகை விகிதத்தைக் கணக்கில் கொண்டாலும், பாம்புக்கடியால் இறக்கும் அபாயம் ஆஸ்திரேலியாவைவிட இந்தியாவில் பல நூறு மடங்கு அதிகம்.

அதாவது, பாம்புக்கு அஞ்சியபடி விமானம் ஏறுபவர் அபாயம் மிகுந்த நாட்டை விட்டு அபாயம் குறைந்த நாட்டுக்கே செல்கிறார்.

விஷம் வலிமையானது, இறப்பு குறைவு: காரணம் என்ன?

ஆஸ்திரேலியப் பாம்புகளின் விஷம் வீரியமற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஆய்வகத்தில் எலிகளுக்குச் செலுத்திப் பார்க்கும் சோதனைகளில், உலகிலேயே மிகக் கொடிய விஷமுள்ளதாக அறியப்பட்ட தரைப்பாம்பு அந்நாட்டின் உள்நாட்டுத் தைப்பான்தான். 'உலகின் பத்து கொடிய பாம்புகள்' என்று உலவும் பட்டியல்களில் ஆஸ்திரேலியப் பெயர்கள் நிறைந்திருப்பதற்கு இத்தகைய சோதனைகளே காரணம்.

ஆனால் ஒரு துளி விஷம் எத்தனை எலிகளைக் கொல்லும் என்பது ஒரு கேள்வி. ஒரு பாம்பு ஆண்டுக்கு எத்தனை மனிதர்களைக் கொல்கிறது என்பது வேறொரு கேள்வி. உள்நாட்டுத் தைப்பான் மனிதர்கள் அரிதாகவே வசிக்கும் வறண்ட நிலப்பரப்பில் வாழ்கிறது. இந்தியாவின் கண்ணாடி விரியனோ எலிகளைத் தேடி நெல் வயலுக்கு வருகிறது. அதே வயலில் உழவர் வெறுங்காலுடன் நிற்கிறார். கட்டு விரியன் இரவில் வீட்டுக்குள் நுழைகிறது. அங்கே மனிதர்கள் தரையில் உறங்குகின்றனர்.

கடிபட்டபின் நடப்பதிலும் பெரும் வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் கடிபட்டவர் ஆம்புலன்ஸ் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, உடலில் விஷம் ஏறியதற்கான அறிகுறி தென்படாவிட்டாலும் பல மணி நேரம் கண்காணிக்கப்படுகிறார். இரத்தம் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்படுகிறது. இந்தியாவிலோ பாம்புக்கடி இறப்புகளில் பெரும்பாலானவை கிராமப்புறங்களில், மருத்துவமனைக்கு வெளியே, வீடுகளிலேயே நேர்கின்றன என்று மேற்கண்ட ஆய்வு சுட்டிக்காட்டுகிறது. மந்திரிப்பதிலும் பச்சிலை கட்டுவதிலும் கழியும் மணித்துளிகள்தாம் பல உயிர்களைப் பறிக்கின்றன.

ஆகவே, உயிரிழப்பைத் தீர்மானிப்பது பாம்பின் விஷம் மட்டுமல்ல. காலில் செருப்பு இருந்ததா, கையில் விளக்கு இருந்ததா, மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருந்தது, அங்கே மருந்து இருந்ததா என்பனவும் அதைத் தீர்மானிக்கின்றன.

சிலந்திகள் எவ்வளவு ஆபத்தானவை?

சிலந்திகளைப் பொறுத்தவரை அச்சத்துக்கும் ஆபத்துக்கும் இடையிலான இடைவெளி இன்னும் பெரிது. சிட்னி நகரைச் சுற்றிலும் காணப்படும் புனல்வலைச் சிலந்தியின் விஷம் மனிதரைக் கொல்லக்கூடியது. 20ஆம் நூற்றாண்டில் 13 பேர் இதனால் உயிரிழந்ததாகப் பதிவுகள் உள்ளன. மருத்துவர் ஸ்ட்ரூவன் சதர்லாந்து தலைமையிலான குழு உருவாக்கிய விஷமுறிவு மருந்து 1981ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் இச்சிலந்தியின் கடியால் யாரும் இறந்ததாகப் பதிவில்லை. செம்முதுகுச் சிலந்தியின் கடிக்கான மருந்து 1956ஆம் ஆண்டு முதலே உள்ளது.

புனல்வலைச் சிலந்தியின் மருந்துக்குத் தேவையான விஷத்தைத் திரட்டுவதில் பொதுமக்களும் பங்கேற்கின்றனர். வீட்டில் காணும் சிலந்தியைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஒப்படைக்குமாறு சிட்னிக்கு வடக்கே உள்ள ஆஸ்திரேலிய ஊர்வன பூங்கா மக்களைக் கேட்டுக்கொள்கிறது. அங்கே அவற்றிலிருந்து விஷம் சேகரிக்கப்படுகிறது.

காணொலிகளில் அதிகம் வலம்வரும் பெரிய, உரோமம் அடர்ந்த சிலந்தி இந்த இரண்டில் எதுவுமன்று. அது 'ஹன்ட்ஸ்மேன்' எனப்படும் வேட்டைச் சிலந்தி. வலை பின்னாமல் சுவரில் ஓடிக் கரப்பான் பூச்சிகளை வேட்டையாடும் இச்சிலந்தி, மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனம் இந்தியா உட்பட வெப்பமண்டல நாடுகள் அனைத்திலும் வீடுகளில் வாழ்கிறது. தாராவியின் தகரக் கூரைக்கு அடியிலும், மாட்டுங்காவின் பழைய அடுக்ககக் குளியலறையிலும் தட்டையாகச் சுவரோடு ஒட்டிக் காணப்படும் பெரிய எட்டுக்கால் பூச்சி பெரும்பாலும் அதுவே. பிறந்த ஊரில் துடைப்பத்தால் தட்டிவிடப்படும் உயிரினம்தான், புதிய நாட்டில் உறக்கத்தைக் கெடுக்கும் பூதமாகிறது.

மும்பையும் பாம்புகளின் ஊரே

பெருநகரத்தில் பாம்பு இல்லை என்ற எண்ணமும் சரியானதன்று. இந்தியாவில் உயிரிழப்புகளுக்குப் பெரிதும் காரணமான நான்கு பாம்புகள் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை. இந்த நான்குமே மும்பைப் பெருநகரப் பகுதியில் காணப்படுகின்றன. நகர எல்லைக்குள்ளேயே 100 சதுர கிலோமீட்டருக்கும் அதிகப் பரப்பில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா விரிந்துள்ளது. செம்பூரை அடுத்த டிராம்பே குன்றுகளிலும் மாகுல் கடலோரச் சதுப்புநிலக் காடுகளிலும் பாம்புகளுக்கு உறைவிடம் உண்டு. தாராவியை ஒட்டி மித்தி ஆற்றின் கரையில் 37 ஏக்கரில் அமைந்துள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, ஒருகாலத்தில் நகரின் குப்பை கொட்டப்பட்ட இடம். மரங்கள் நடப்பட்டுக் காடாக மாறிய அந்த நிலத்தில் இன்று பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் சிலந்திகளும் பாம்புகளும் வாழ்கின்றன.

இத்தனைக்கும் நடுவே மும்பைவாசிகள் அச்சமின்றி வாழ்கின்றனர். பரேலில் 1899ஆம் ஆண்டில் பிளேக் ஆய்வகமாகத் தொடங்கப்பட்ட ஹாஃப்கின் நிறுவனம் பாம்பு விஷ ஆய்விலும் நீண்ட வரலாறு கொண்டது. அதன் வழிவந்த மருந்து நிறுவனம் குதிரைகளின் இரத்தத்திலிருந்து பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தைத் தயாரிக்கிறது. அரசு மருத்துவமனைகளும் மாநகராட்சி மருத்துவமனைகளும் எட்டும் தொலைவில் உள்ளன. பாம்பு இருக்கும் ஊரிலும் அச்சமின்றி வாழ இயலும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் போலவே மும்பையும் சான்றாகும்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி. இந்த நடுக்கத்தில் ஒரு பகுதி பிறவியிலேயே வருவதாகத் தெரிகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தி, 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் படங்கள் காட்டப்பட்டன. பூ, மீன் ஆகியவற்றின் படங்களைக் காட்டியபோது இருந்ததைவிட, சிலந்தி, பாம்பு ஆகியவற்றின் படங்களைக் கண்டபோது குழந்தைகளின் கண்மணிகள் அதிகம் விரிந்தன. உடல் விழிப்படைகிறது என்பதற்கான அடையாளம் அது.

எனினும், விழிப்பு வேறு, அச்சம் வேறு. அச்சத்தைக் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களே. உளவியலாளர் சூசன் மினெக்காவும் சக ஆய்வாளர்களும் 1980களில் நடத்திய சோதனைகளில், ஆய்வகத்திலேயே வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. பாம்பைக் கண்டு மற்றொரு குரங்கு அலறுவதைப் பார்த்தபின் அவையும் விரைவில் அஞ்சக் கற்றுக்கொண்டன. பூவைக் கண்டு ஒரு குரங்கு அலறுவதுபோலத் திருத்தப்பட்ட காணொலியைக் காட்டியபோது, பூவுக்கு அஞ்ச அவை கற்கவில்லை. சில உயிரினங்களுக்கு அஞ்சுவதற்கு மூளை ஆயத்தமாக உள்ளது. ஆனால் அந்த அச்சத்தைத் தட்டி எழுப்புவது பிறரின் அலறலே என்பதை இச்சோதனைகள் உணர்த்தின. இன்று அந்த அலறலைக் கைப்பேசித் திரை நாள் முழுவதும் ஒலிபரப்புகிறது.

பழக்கமும் முக்கியமானது. நாகத்துக்கு 'நல்ல பாம்பு' என்று பெயரிட்டுப் புற்றுக்குப் பால் ஊற்றுவது தமிழர் வழக்கம். திருவானைக்காவல் தலபுராணத்தில் சிவலிங்கத்துக்கு மேல் வலை பின்னிய சிலந்தி மறுபிறப்பில் சோழ மன்னனாகிறது. பெயரும் கதையும் உள்ள உயிரினத்தோடு மக்கள் ஒரே ஊரில் வாழ்ந்துவிடுகின்றனர். புதிய நாட்டின் பாம்புக்கு அவர்களிடம் பெயரும் இல்லை, கதையும் இல்லை. அந்த இடத்தைக் காணொலிகள் நிரப்புகின்றன.

எதிர்த்திசையில் வந்த ஒரு சிறுவன்

புதிய நாட்டுக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள பாம்புகளை அறிந்துகொண்டவர்களின் வரலாறும் மும்பைக்கும் தமிழகத்துக்கும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த ரோமுலஸ் விட்டேக்கர், 1950களின் தொடக்கத்தில் சிறுவனாகத் தம் தாயுடன் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். பிற்காலத்தில் சென்னையில் பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் நிறுவினார். பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டதால் வாழ்வாதாரம் இழந்த இருளர் சமூகத்தினருடன் இணைந்து, 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்புப் பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாகக் காரணமானார். அவருக்கு 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தில், பிடிக்கப்படும் பாம்புகளிலிருந்து விஷம் சேகரிக்கப்பட்டபின் அவை மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. நாட்டின் விஷமுறிவு மருந்து உற்பத்திக்கு இச்சங்கமே முதன்மையான விஷ ஆதாரமாக விளங்கி வருகிறது.

இச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் சென்றனர். அங்கே பெருகிச் சூழலைச் சீர்குலைத்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்காகப் புளோரிடா பல்கலைக்கழகமும் மாநில வனவிலங்கு ஆணையமும் அவர்களை அழைத்திருந்தன. மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் உடன் சென்றனர். அறியாத நாடு, அறியாத சதுப்புநிலம். எனினும், தடம் பார்த்துப் பாம்பைக் கண்டறியும் அறிவு அங்கும் பயன்பட்டது. இரு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுடையது. இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

குடிபெயர்வோர் செய்ய வேண்டியவை

ஆஸ்திரேலியாவில் உயரமான புல்வெளிகளிலும் காட்டுப் பாதைகளிலும் நடக்கும்போது காலை முழுமையாக மூடும் காலணி அணிய வேண்டும். தோட்ட வேலையின்போது கையுறை அணிவதும், வெளியில் கழற்றிவைத்த காலணியை உதறிப் பார்த்தபின் அணிவதும் போதுமான முன்னெச்சரிக்கைகள். பாம்பைக் கண்டால் விலகி நின்று, உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரை அழைக்க வேண்டும். அங்குள்ள பாம்புகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவசர உதவிக்கு 000 என்ற எண்ணையும், விஷம் தொடர்பான ஆலோசனைக்கு 13 11 26 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

முதலுதவியில் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் பாம்பு அல்லது புனல்வலைச் சிலந்தி கடித்தால், கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் அகலமான துணிக்கட்டால் அழுத்தமாகச் சுற்றி, அசையாமல் வைக்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. விரியன் வகைப் பாம்புகளின் விஷம் கடிவாயைச் சுற்றியுள்ள தசையை அழிக்கக்கூடியது என்பதால், இந்தியாவில் அழுத்தக் கட்டு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. இங்கே கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல மட்டை வைத்து அசையாமல் வைத்து, மோதிரம், வளையல் போன்றவற்றைக் கழற்றிவிட்டு, உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இறுகக் கயிறு கட்டுவது, கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகியவற்றை எந்த நாட்டிலும் செய்யக் கூடாது.

அச்சம் ஆறு மாதங்களுக்கும் மேலாக நீடித்து, உறக்கத்தையோ பயணத்தையோ வேலையையோ பாதிக்குமானால் அது சிகிச்சைக்குரிய கோளாறாகும். அஞ்சும் பொருளைப் படத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக நெருங்கவைக்கும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட், அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் இச்சிகிச்சையை அளிக்கும் முறையை 1980களில் வகுத்தார். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

ஊரில் இருப்போரை மறக்க வேண்டாம்

உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பாம்புக்கடி இறப்புகளை 2030ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைக்கும் இலக்குடன் மத்திய அரசு 2024ஆம் ஆண்டு மார்ச்சில் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது.

இந்தத் திட்டங்கள் பலன் தர, குடும்பங்களும் தம் பங்கைச் செய்ய வேண்டும். சிட்னிக்குச் செல்லும் மகனுக்கு வாங்கும் காலணியைப் போல, ஊரில் இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் தந்தைக்கும் ஒரு ஜோடி காலணியும் ஒரு டார்ச் விளக்கும் தேவை. தரையில் உறங்கும் பாட்டிக்குக் கட்டிலும் கொசுவலையும் தேவை. கட்டு விரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரிவதில்லை. உறங்கி எழுந்தவருக்குக் காரணமின்றி வயிற்றுவலி ஏற்பட்டாலோ, கண் இமைகள் தொய்ந்தாலோ, விடியும் வரை காத்திராமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். மும்பையில் குடியிருப்புக்குள் பாம்பு வந்தால் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குத் தகவல் தெரிவிக்கலாம்.

வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் விடுமுறையில் சொந்த ஊருக்கு வரும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆஸ்திரேலியாவில் காலணியின்றிப் புல்வெளியில் இறங்கக் கூடாது என்று பள்ளியில் கற்ற பிள்ளை, தாத்தாவின் வயலில் இறங்கும்போதும் அந்தக் காலணியைக் கழற்றாமல் இருப்பதே நல்லது.